சத்தம் நுழையாத அறை

கதிர்வேல் மாடிப்படி ஏறி வந்தபோது, வெங்கடபதி ஜன்னலோரம் உட்கார்ந்து மழை விட்ட கோயமுத்தூர் ராஜ வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவரை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினாரே தவிர, எதுவும் கேட்கவில்லை. முப்பது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தீப்பிடித்த மில்களைப் பார்வையிட்டவர் அவர். சாம்பலின் முன்னால் வெகுநேரம் சும்மா நின்று பழகியவர். ஓய்வு பெற்ற பிறகும் தெரிந்தவர்கள் தங்கள் சிக்கல்களோடு அவரைத் தேடி வந்தார்கள்.

அவருடைய நண்பர் ஜபருல்லாவுக்குச் சும்மா இருக்க வராது. கீழே டைப்ரைட்டர் ரிப்பேர் கடை. யாராவது மாடியேறினால் கையிலிருக்கும் ஸ்குரூ டிரைவரோடு பின்னாலேயே வந்துவிடுவார்.

"ஏனுங்க, என்ன காணாமப் போச்சு?" என்றார் அவர்.

"நாவல் ஒண்ணுங்க," என்றார் கதிர்வேல். "எங்கூட்டுல எழுதினது."

சோமனூரில் எட்டு விசைத்தறி வைத்திருப்பவர் கதிர்வேல். மனைவி புவனா பத்து வருடமாகப் பத்திரிகைகளில் கதை எழுதுகிறவள். வீட்டை ஒட்டிய தறிக்குடோனில், நூல் பெட்டியை மேசையாக வைத்துக்கொண்டு எழுதியவள். போன பொங்கலுக்குச் சென்னைப் பதிப்பகம் ஒன்று அவளிடம் முழு நாவல் கேட்டது. வருகிற பொங்கலுக்குள் கொடுத்தாக வேண்டும்.

"அந்தச் சத்தத்துல உக்காந்து எழுதுனது போதும்னு எட்டுத் தறியையும் ஊட்டை உட்டே தள்ளிக் கொண்டுபோய்ப் போட்டேனுங்க. மூணு கிலோமீட்டரு. மாடியில தனி ரூமு கட்டினேன். சன்னலுக்கு ரெண்டு அடுக்குக் கண்ணாடி, சுத்தியும் ரப்பர் பட்டை. ஊரே தறி ஓட்டினாலும் உள்ள ஒரு பொட்டுச் சத்தம் வராதுங்க. சித்திரையில இருந்து டெய்லி பத்து மணிக்கு உள்ள போனா ஒரு மணிக்குத்தான் வெளிய வருவா."

"அப்புறம்?"

"போன சனிக்கிழமை அவ வெள்ளகோவிலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தா. எழுதின வரைக்கும் ஜெராக்ஸ் போட்டு வெச்சா நல்லதுன்னு எங்கிட்ட இருந்த சாவியால டிராயரைத் தொறந்தேன். வெறும் வெள்ளைக் காகிதந்தான் கெடக்குது. எழுதினது ஒண்ணுகூட இல்லீங்க."

முந்தின நாள், வெள்ளிக்கிழமை, மழையில் ஊதிப்போன டிராயரை இழைக்க வந்தவர் ஆசாரி காளிச்சாமி. வேலைக்காகக் கொடுத்த ஒரு சாவி அவரிடமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு எதிர்த்த டீக்கடை முன்னால் வைத்துக் கதிர்வேல் அவரைத் திருடன் என்று சொல்லிவிட்டார்.

"அவரு என்ன சொன்னாரு?"

"'அதுல எழுத்தே இல்லீங்க, வெள்ளைக் காகிதந்தான் இருந்துச்சு'ங்கறாரு. நம்பற மாதிரியா இருக்குது? வேற யாரோ எழுத்தாளருக்கு வித்துப்போட்டாரு. வெள்ளிக்கிழமை காலையில ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேன். அதுக்குள்ள நீங்க கண்டுபிடிச்சுக் குடுத்தீங்கன்னா நல்லதுங்க."

அன்று புதன்கிழமை. வெங்கடபதி மறுபடி தெருவைப் பார்த்தார். "உங்க சம்சாரம் என்ன சொன்னாங்க?"

"அழுதுச்சுங்க. 'அவரை ஒண்ணும் சொல்லாதீங்க, உட்டுருங்க'ன்னுச்சு. எளகின மனசு."

"வேறெதுவும் சொல்லலையா?"

"இல்லீங்க."

வெங்கடபதி தலையாட்டினார். "நாளைக்குக் காலையில வர்றோம்," என்றார்.

மறுநாள் காலை இருவரும் சோமனூரில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். தெருவின் இரு பக்கமும் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. கதிர்வேல் வீட்டு வாசலில் அறுபது வயதுக்காரர் ஒருவர், தோளில் துண்டில்லாமல், நேராக நிமிர்ந்து நின்றிருந்தார்.

"நீங்கதான் கோயமுத்தூர்ல இருந்து வாரீங்களா? நான் காளிச்சாமிங்க. திருடன்." அவர் சிரிக்கவில்லை. "பெரியநாயக்கன்பாளையத்துல ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கதவு செய்யச் சொல்லியிருந்தாங்க. நேத்து ஆளனுப்பி வேண்டாம்னுட்டாங்க. வேலை போனா வேற வேலை வரும். இனி யாரு ஊட்டுக்குள்ள நான் ஒரு சாவியோட நொழையறது?"

வெங்கடபதி அவர் கைகளைப் பார்த்தார். "சாயங்காலம் வரைக்கும் இங்கேயே இருங்க," என்றார்.

கதிர்வேல் அவர்களை மாடிக்கு அழைத்துப் போனார். கதவை மூடியதும் தெருவின் சத்தம் கத்தரித்ததுபோல நின்றது. ஜபருல்லா தன் காதைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

அருமையான அறைதான். தேக்கு மேசை, மூன்று டிராயர். எட்டும் தூரத்தில் அகராதி வைக்கச் சாய்வுப் பலகை. கண்ணாடிக் கதவு போட்ட புத்தக அலமாரி. சுழல் நாற்காலி. பித்தளைக் கழுத்துள்ள மேசை விளக்கு. ஜன்னலில் ரெட்டைக் கண்ணாடிக்கு மேல் கனத்த திரை. ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினார் கதிர்வேல். மேசையின் உயரத்துக்காக, புவனா உட்கார்ந்திருக்கும்போது முழங்கை வரை நூல் பிடித்து அளந்தாராம்.

வெங்கடபதி நாற்காலியைச் சுற்றி வந்தார். இருக்கையின் பாலிதீன் உறை பிரிக்கப்படாமல் இருந்தது.

"அது ஒண்ணும் அதிசயமில்லீங்கண்ணா," என்றார் ஜபருல்லா. "நம்ம ஊர்ல கவரைப் பிரிச்சாத்தான் அதிசயம். எங்கூட்டு சோபாவுல எம்பொண்ணு சடங்குக்குப் போட்ட கவரு, அவ கல்யாணத்துலயும் இருந்துச்சு. உக்காந்து உக்காந்து கிழிஞ்சு தானாப் போனாத்தான் உண்டு."

வெங்கடபதி உறையின் விளிம்பை விரலால் தடவினார். மத்தளத்தின் தோல்போல இழுத்துப் பிடித்திருந்தது. பிறகு டிராயரைத் திறந்தார். ஒரு கட்டுக் காகிதம் பிரிக்காமலும், இன்னொன்று பிரித்தும் இருந்தன. பிரித்ததன் மேல் தாள் ஓரத்தில் பழுப்பேறியிருந்தது. கடைசியாக விளக்கின் அருகே குனிந்தார். அதன் சுவிட்சின் மேல் காய்ந்த சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

"ஆயுத பூசைக்கு வெச்சதுங்க," என்றார் கதிர்வேல். "நானே என் கையால வெச்சேன்."

அது டிசம்பர் மாதம்.

பின்பக்கக் கதவைத் திறந்தால் சந்துக்கு இறங்கும் படிக்கட்டு. முதல் படியில் ஒரு ஜோடிப் பெண்கள் செருப்பு. ஜபருல்லா ஒன்றை எடுத்துத் திருப்பினார். "அண்ணா, இது மெஷின் ஆயிலு. பஞ்சு வேற ஒட்டியிருக்குது."

"உங்க குடோனுக்கு அவங்க வருவாங்களா?" என்று வெங்கடபதி கேட்டார்.

"தறியைக் கொண்டுபோய் எட்டு மாசமாச்சு. ஒருக்காகூட வரலீங்களே."

சந்துக்கு எதிரே யார் வீடு என்று வெங்கடபதி கேட்டார். தாஜுன்னிசா வீடு, நாலு தறி போட்டிருக்கிறாள், புவனாவுக்குத் தோழி என்றார் கதிர்வேல்.

ஜபருல்லாவுக்குப் பொறுக்கவில்லை. படியிறங்கும்போது காதோடு சொன்னார்: "அந்தத் தோழிதானுங்க அண்ணா! பின்படி வழியா வந்து..."

"அவங்க செருப்பை இங்கே விட்டுட்டு வெறுங்காலோடவா திரும்பிப் போனாங்க, ஜபரு?"

ஜபருல்லா குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டார்.

கூடத்தில் புவனா அரிவாள்மனையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். வந்தவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். "வாங்க" என்றதைத் தவிர எதுவும் பேசவில்லை. திறந்த ஜன்னல் வழியாகத் தெருவின் தறிச்சத்தம் வந்துகொண்டிருந்தது. அதன் தாளத்துக்கு அவள் கை போய்வந்தது.

திடீரென்று கரண்ட் போனது. தெரு முழுக்கத் தறிகள் நின்றன. கதிர்வேலும் ஜபருல்லாவும் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்கள். புவனாவின் கை பாதிக் காயில் நின்றது. அவள் ஜன்னலைப் பார்த்தாள். ஏழெட்டு நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தது, தறிகள் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டன. அவள் கையும் ஓடத் தொடங்கியது.

வெங்கடபதி காபியைக் குடித்து முடித்தார். "மூணு மணிக்கு எல்லாரும் மாடி அறைக்கு வந்தா நல்லதுங்க," என்றார்.

மூன்று மணிக்கு அந்த அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். கதவை மூடச் சொன்னார் வெங்கடபதி. பிறகு நின்றபடியே இருந்தார். ஒரு நிமிடம் போயிற்று. அந்த அமைதியில் யாரோ எச்சில் விழுங்கியதுகூடக் கேட்டது.

"எனக்கு அமைதி பிடிக்கும்," என்றார் அவர். "ஆனா இங்கே என் நெஞ்சு அடிக்கிறதே எனக்குக் கேக்குது. காளிச்சாமி, வெள்ளிக்கிழமை டிராயரைத் திறந்தப்ப என்ன பார்த்தீங்க?"

"நாலு நாளாச் சொல்றதுதானுங்க. வெள்ளைக் காகிதம்."

"இவரு சொல்றதை யாரும் நம்பிப் பார்க்கலை. நான் நம்பிப் பார்த்தேன். டிராயர்ல எழுத்து இருந்ததேயில்லைன்னா, இந்த அறை எப்படி இருக்கணும்? எட்டு மாசம் தினமும் மூணு மணி நேரம் ஒருத்தர் உக்காந்திருந்தா, இந்தப் பாலிதீன் தொளதொளத்துக் கிழிஞ்சிருக்கும். கடையில இருந்து வந்த மாதிரியே இருக்கு. இந்தத் திரைக்குள்ள பகல்லயும் விளக்கில்லாம எழுத முடியாது. சுவிட்சைப் பாருங்க. ஆயுத பூசைக்கு வெச்ச பொட்டு, ஒரு விரல்கூடப் படலை. ரெண்டு மாசமா இந்த விளக்கு எரியவேயில்லை."

கதிர்வேல் சுவிட்சைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். "அப்ப நாவலே இல்லையா? எல்லாம் பொய்யா?"

"காணாமப் போச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க. அவங்க ஒருதரம்கூடச் சொல்லலை. காளிச்சாமியை விட்டுடச் சொன்னாங்க. பறிகொடுத்தவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க." வெங்கடபதி குரலைத் தாழ்த்தினார். "நாவல் இருக்கு. பின்படியில இருக்கிற செருப்புல தறி எண்ணெய் இருக்கு. கரண்ட் போனப்ப தறியோட சேர்ந்து அவங்க கையும் நின்னுச்சு. மீதியை நான் சொல்லக் கூடாது."

அவர் காத்திருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை, ஜபருல்லாகூட.

"மொத நாளு உக்காந்தேனுங்க," என்றாள் புவனா. "ஒரு வரி வரலை. பத்து நாளும் வரலை. என் மூச்சுதான் கேட்டுச்சு. தறி ஓடுறப்ப எனக்கு யாரும் பாக்காத மாதிரி இருக்கும். என்ன வேணா எழுதலாம். இங்க, நானே என்னைய உத்துப் பாத்துட்டு இருக்கற மாதிரி இருந்துச்சு. அப்புறம் பின்படியில எறங்கி தாஜு குடோனுக்குப் போயிட்டேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல அம்மணி?" என்றார் கதிர்வேல்.

"எப்படிங்க சொல்றது? என் முழங்கையை நூல் புடிச்சு அளந்தீங்க. அந்த ரப்பர் பட்டைக்கு மெட்ராஸ் வரைக்கும் போனீங்க. ராத்திரிச் சோறு போடுறப்ப, 'இன்னிக்குச் சத்தம் ஏதாச்சும் வந்துச்சா'ன்னு கேப்பீங்க. 'வரலீங்க'ன்னு சொன்னா உங்க மொகம் இருக்கற இருப்பு..."

காளிச்சாமி முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினார். "ஞாயித்துக்கெழமை டீக்கடை முன்னால இவரு என்னையச் சொன்னப்ப, நீங்க கூடத்துச் சன்னல்ல நின்னு பாத்துட்டிருந்தீங்க கண்ணு. நானும் பாத்தேன்."

புவனாவின் முகம் வெளுத்தது. "நாளைக்குச் சொல்லிரலாம், நாளைக்குச் சொல்லிரலாம்னு..." கையெடுத்துக் கும்பிட்டாள். காளிச்சாமி அதை ஏற்றுக்கொண்டதாகவோ மறுத்ததாகவோ காட்டவில்லை.

ஜபருல்லா போய்த் தாஜுன்னிசாவை அழைத்து வந்தார். இடுப்பில் நூல் கோன் வரும் அட்டைப்பெட்டி ஒன்றைத் தாங்கி வந்தாள். உள்ளே முந்நூறு பக்கத்துக்கு மேல். தாள்களுக்கிடையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"பத்திரமா வெச்சுக்கச் சொன்னாங்க, நான் படிச்சுப்போட்டேனுங்க," என்றாள். "ஏனக்கா, அந்தப் பொண்ணு கடைசியில புருசங்கிட்ட உண்மையைச் சொல்றாளா இல்லையா? அந்த அத்தியாயத்தைக் காணோமே."

யாரும் சிரிக்கவில்லை. தாஜுன்னிசா ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுப் பெட்டியை மெல்ல மேசைமேல் வைத்தாள்.

கதிர்வேல் மேல் தாளை எடுத்தார். படிக்கவில்லை. அதிலிருந்த பஞ்சை விரலால் நீவி எடுத்தார்.

"காளிச்சாமியண்ணா, தப்பு என்மேலதாங்க. மன்னிச்சுக்குங்க."

"ரூமுக்குள்ள திருடன்னு சொல்லலீங்களே நீங்க," என்றார் காளிச்சாமி. "ரூமுக்குள்ள மன்னிப்புக் கேட்டா எப்படி?"

கதிர்வேல் தாளை வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். இருவரும் படியிறங்கினார்கள். பின்னாலேயே புவனாவும் போனாள். வெங்கடபதி ஜன்னல் திரையை விலக்கினார். கீழே டீக்கடை முன்னால் ஆட்கள் பெஞ்சிலிருந்து எழுந்தார்கள். கதிர்வேல் துண்டை எடுத்துக் கையில் பிடித்தபடி பேசுவது தெரிந்தது. அடுத்துப் புவனா பேசினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

"என்னங்கண்ணா சொல்றாங்க?" என்றார் ஜபருல்லா.

"நாம கேக்க வேண்டியதில்லை."

மூவரும் திரும்பி வந்தபோது காளிச்சாமியின் தோளில் துண்டு இருந்தது. யாரையும் கேட்காமல் ஜபருல்லாவின் சட்டைப்பையிலிருந்த ஸ்குரூ டிரைவரை உருவிக்கொண்டு அவர் ஜன்னலருகே போனார். கதிர்வேல் சரியென்று தலையசைத்தார். ரப்பர் பட்டை நீளமாக உரிந்து வந்தது. ஒரு கண்ணாடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார், அடுத்ததைத் திறந்துவிட்டார். தெருவின் தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அறைக்குள் வந்தன.

புவனா நாற்காலியில் உட்கார்ந்தாள். பாலிதீன் கிறீச்சிட்டது. பெட்டியிலிருந்த கடைசித் தாளை எடுத்துத் தன் முன்னால் வைத்தாள்.

"பொங்கலுக்குள்ள முடியுமா?" என்று கதிர்வேல் அந்தச் சத்தத்தில் கத்திக் கேட்டார்.

அவளுக்கு அது காதில் விழவில்லை. கையை நீட்டி விளக்கின் சுவிட்சை அழுத்தினாள். காய்ந்த சந்தனம் இரண்டாகப் பிளந்து மேசைமேல் உதிர்ந்தது.