அக்கா குரலில் ஒரு 'சரி'

போன் அலறியது.

வகுப்புக்கு வெளியே வராந்தாவில் நின்றிருந்த கல்லூரி மாணவன் எடுத்தான்.

"ஹலோ..."

"வங்கி மோசடித் தடுப்புப் பிரிவுலேர்ந்து பேசறேன். உங்க அக்கா கடைலதான் இருக்கேன். உடனே வாங்க."

"எ... எதுக்கு சார்?"

"உங்க அக்கா பண்ணின மோசடியை விசாரிக்க!"

லைன் கட்.

அக்கா பண்ணின மோசடியா?

மோசடி நடந்தது வாஸ்தவம். ஆனால் பண்ணியது அக்கா இல்லை. வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு வியர்த்து வழிகிற இந்த இரண்டாம் வருஷ மாணவன்தான்!

போன வாரம் நடந்தது அது.

கேண்டீன் மேஜை. எதிரே 'கிளி'. கூடப் படிப்பவன். யார் குரலையும் ஒரு தரம் கேட்டால் போதும், அச்சாகப் பேசிவிடுவான்.

"எந்த கிரெடிட் கார்டுடா எடுக்கலாம்?"

செல்போனைத் தள்ளித் தள்ளிக் காட்டினான் கிளி.

"இது பெட்ரோலுக்கு. உன்கிட்ட வண்டியே இல்லை. இது விமானப் பயணத்துக்கு. நீ பஸ்லயே படிக்கட்டுல தொங்கறவன். இது படிக்கிற பசங்களுக்கு. கட்டணம் கிடையாது, பாயிண்ட்ஸும் கொஞ்சம்தான்."

"இது?"

"ராஜா கார்டுடா! பாயிண்ட்ஸ் அஞ்சு மடங்கு. சேர்ந்ததும் ஹெட்போன் இனாம். ஆனா சம்பாதிக்கிறவங்க யாராவது ஜாமீன் நிக்கணும்."

"அக்கா நிக்க மாட்டா. கடன்னு காதுல விழுந்தாலே கல்லாவைப் பூட்டிடுவா."

"அக்கா எதுக்குடா? அக்கா குரல் போதாதா?"

விண்ணப்பத்தில் ஜாமீனுக்கு அக்கா பெயர். கையெழுத்து இவன் போட்டது. போன் நம்பர் கிளியுடையது! வங்கி கூப்பிட்டது. கிளி அக்காவாகவே மாறிப் பேசினான்.

முடிந்தது வேலை.

போனது தூக்கம்.

அப்பா அம்மா போன பிறகு, அந்தச் சின்னத் துணிக்கடையை வைத்து அவனைப் படிக்க வைப்பவள் அக்கா. "ஏன்டா சரியா சாப்பிட மாட்டேங்கறே? பரீட்சை பயமா?" என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தபோதெல்லாம், தொட்ட இடம் சுட்டது.

ஓடினான்.

கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து நுழைந்தான்.

அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடி ஸ்டூலில் அக்கா. எதிரே, கல்லா மேல் லேப்டாப்பை விரித்து வைத்திருந்த வழுக்கைத் தலை அதிகாரி.

"வாங்க தம்பி. இதைக் கேளுங்க."

ஒரு பொத்தானைத் தட்டினார்.

'ஜாமீனுக்குச் சம்மதமா மேடம்?'

'சம்மதம் சார். என் தம்பிதானே!'

'ஆண்டுக் கட்டணம் ரெண்டாயிரம்.'

'சரி சார்.'

அக்கா குரல்! இம்மி பிசகவில்லை. பாவி கிளி... அவள் பெருமூச்சைக்கூட விட்டுவைக்கவில்லை!

"நான் பேசலை சார்," என்றாள் அக்கா.

"அன்னிக்கு ஜாமீன் நிக்கறேன்னீங்க. இன்னிக்கு அது நானே இல்லைங்கறீங்க. இதுக்கு எங்க பாஷையில மோசடின்னு பேரு. உங்க பேர் கறுப்புப் பட்டியலுக்குப் போகும். அப்புறம் சரக்கு எடுக்க எந்த வங்கியும் கடன் தராது. இந்த ஷட்டரை முழுசா இறக்கிட வேண்டியதுதான்!"

அக்கா தம்பியைப் பார்க்கவில்லை. கழுத்து டேப்பைச் சுருட்டினாள்... பிரித்தாள்... மறுபடி சுருட்டினாள்.

அதிகாரி அவன் பக்கம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்க. இது உங்க அக்கா குரல்தானே?"

ஆமாம் என்றால் தப்பித்தான். ஒரே வார்த்தை!

இல்லை என்றால்... போலீஸ். கல்லூரியிலிருந்து நீக்கம்.

அக்கா கையில் சுருளும் டேப்பையே பார்த்தான்.

"தம்பி! உங்களைத்தான்!"

"இல்லை சார்!"

குரல் உடைந்தது.

"அது அக்கா இல்லை. கூடப் படிக்கிற கிளி. நான்தான் பேசச் சொன்னேன். கையெழுத்தும் நான் போட்டதுதான். ஒரு ஹெட்போனுக்காக... அக்காவை விட்டுடுங்க சார்! என்னைக் கூட்டிட்டுப் போங்க!"

அதிகாரி லேப்டாப்பை மூடினார்.

"தெரியும்."

"எ... என்ன சார்?"

"போன மாசம் என் பொண்ணுக்கு கவுன் எடுக்க இந்தக் கடைக்கு வந்தேன். விலையைக் குறைக்கச் சொல்லி முட்டி மோதினேன். கடைசில கவுனோட எனக்கும் ரெண்டு சட்டை வாங்கிட்டு, உங்கக்காவுக்கு நன்றியும் சொல்லிட்டுப் போனேன்! அப்பேர்ப்பட்டவங்க, ரெண்டாயிரம்னு சொன்னதும் சரிங்கறாங்கன்னா? சந்தேகம் வராதா? நேத்தே வந்து இவங்களைப் பார்த்துட்டேன்."

அவன் அக்காவைப் பார்த்தான். இப்போதுதான் அவளும் பார்த்தாள்.

"சொன்ன விலைக்கு நான் சரின்னு சொல்வேனாடா? குரலைத் திருடத் தெரிஞ்சவனுக்கு, கூட ரெண்டு வார்த்தை பேரம் பேசத் தெரியலை!"

"அக்கா..."

"இவர் போலீஸுக்குப் போறேன்னார். அவனே வாயைத் திறந்து ஒத்துக்கிட்டா விண்ணப்பத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு விட்டுடணும், இல்லைன்னா நானே அவனை ஸ்டேஷன்ல கொண்டுவந்து விடறேன்னு பேசி முடிச்சேன். நேத்து ராத்திரி பூரா தூங்கலைடா. நீ மட்டும் ஆமான்னு சொல்லியிருந்தே..."

முடிக்கவில்லை. டேப்பால் அவன் முதுகில் ஒன்று போட்டாள். அவன் அழுதான். அடி வலிக்காததால் இன்னும் அதிகமாக அழுதான்.

அதிகாரி விண்ணப்பத்தை நாலாகக் கிழித்தார். "அப்ப நான் கிளம்பட்டுமா மேடம்?"

"உக்காருங்க!"

உட்கார்ந்தார்.

"படிக்கிற பசங்களுக்குன்னு ஒரு கார்டு இருக்காமே. அதைக் காட்டுங்க. இந்தத் தடவை நிஜமா நான் ஜாமீன் நிக்கறேன்."

"அக்கா! நீயா?"

"ஒளிஞ்சு பண்றதைவிட என் கண்ணு முன்னால பண்ணு. சார், கட்டணம்?"

"கிடையாது மேடம். மாசம் இருபதாயிரம் வரைக்கும் செலவு பண்ணலாம்."

"இருபதா? ரெண்டாயிரம் போதும். அதுக்கு மேல ஒத்தை ரூபாய் தேய்ச்சாலும் எனக்கு போன் வரணும். பாயிண்ட்ஸ் கொஞ்சம்னு கேள்விப்பட்டேன். அதை ரெண்டு மடங்காக்குங்க. இத்தனை மன உளைச்சல் கொடுத்திருக்கீங்க, அந்த ஹெட்போனையும் சேர்த்துடுங்க."

"மேடம், அது வேற கார்டுக்கு..."

"பெட்டி ஒண்ணுதானே சார்? உங்க ஆபீஸ்ல அடுக்கி வச்சிருப்பீங்கள்ல?"

அதிகாரி கைக்குட்டையை எடுத்து வழுக்கையைத் துடைத்தார். மெல்ல மாணவன் காதருகே குனிந்தார்.

"தம்பி... அந்தக் கிளியைக் கொஞ்சம் கூப்பிடேன். ஜாமீனுக்கு அவனே பரவாயில்லை!"