ஓடைக்கரைத் தெருவின் காற்றணை

2061 நவம்பர் 19 காலை ‘அரளி’ புயல் கடலூருக்குத் தெற்கே கரையைக் கடந்தது. வாய்க்காலின் இக்கரையில் ஓடைக்கரைத் தெருவில் ஆறு அடி நீர் நிற்கும், அக்கரையில் தோப்புத் தெருவில் நீர் ஏறாது என்று நீர்க்கணிப்பான் முந்தைய நாளே அறிவித்திருந்தது.

அந்த இயந்திரம் வந்த பிறகு மக்கள் வானிலை அறிக்கை கேட்பதை விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு வாசல் சுவரிலும் பதித்த கண்ணாடிப் பட்டையில், புயலுக்கு முன்பே ஒரு நீலக்கோடு எரியும். தண்ணீர் அதுவரை வரும். இத்தனை மழைக்காலங்களில் கோடு ஒரு விரற்கடைகூடப் பிசகியதில்லை.

மரகதவல்லியின் வாசலில் கோடு கதவின் மேல்சட்டத்தை ஒட்டி எரிந்தது. மகள் பூங்கோதை வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்திருந்தாள், நிறைமாதம். தலைப்பிரசவம் தன் வீட்டில்தான் என்று சம்பந்தியிடம் மல்லுக்கட்டி அழைத்து வந்தவள் மரகதவல்லி. கோட்டைப் பார்த்ததும் அவளே மகளை ஆட்டோவில் ஏற்றி, தோப்புத் தெருவில் இருந்த மாமியார் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினாள். மாடியில்லாத ஓட்டு வீடு அது. ஆனால் அதன் வாசலில் கோடே இல்லை.

பிறகு தெருக்காரர்களோடு போய்க் காற்றணைக்குக் காற்றடித்தாள். வாய்க்கால் கரை நெடுகப் படுத்துக் கிடந்த தடித்த ரப்பர் குழாய், ஆள் உயரத்துக்கு எழுந்து நின்றது. தெருவுக்கு அது புதிது. அந்த ஆண்டுதான் வாங்கியிருந்தார்கள்.

மதியம் மழை விட்டது. வாய்க்கால் பொங்கியது. தெரு ஈரமாக இருந்ததே தவிர, தண்ணீர் இல்லை.

“ஆறு அடியாம்ல? என் செருப்புகூட நனையல, மரகதம்,” என்றார் பக்கத்து வீட்டுத் தணிகாசலம். “மிஷினுக்கே அல்வா குடுத்துட்டோம்!”

அவள் சிரிக்கும்போதே போன் அடித்தது.

“அம்மா, வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சி. கட்டில் மேல நிக்கிறோம்.”

“உங்க தெருவுக்குக் கோடே இல்லியேடி!”

“ஏறிக்கிட்டே இருக்கும்மா. இவரு ஓட்டப் பிரிக்கிறாரு. என்னால ஏற முடியல. இடுப்பு வேற வலிக்குது.”

மரகதவல்லி வாய்க்காலைப் பார்த்தாள். வெள்ளம் காற்றணையில் மோதித் திரும்பி, அக்கரை வழியாக வழிந்துகொண்டிருந்தது. நீர்க்கணிப்பான் மழையை அறியும், கடலை அறியும், மண்ணின் சரிவை அறியும். தன் கோட்டைப் பார்த்தவர்கள் என்ன செய்வார்கள் என்பது அதன் கணக்கில் இல்லை.

“அண்ணே, காத்த எறக்கிடலாம்.”

“ஒனக்கென்ன பைத்தியமா? எங்கண்ணன் கீழ படுத்துருக்காரு. கை கால் வெளங்காத மனுசன். அணை இருக்குதேன்னுதான் மேல ஏத்தல.”

“தூக்கிடுவோம்ண்ணே, நானும் ஒரு கை புடிக்கிறேன்.”

“நாலு ஆளு வேணும் அவர அந்தப் படியில ஏத்த. சித்த பொறு. ஒம் பொண்ணுக்குப் படகு வரும்.”

“கோடு இல்லாத தெருவுக்கு எந்தப் படகுண்ணே வரும்?”

தணிகாசலம், “யாராச்சும் வாங்கப்பா!” என்று கத்திக்கொண்டே வீட்டுக்கு ஓடினார்.

போன் இன்னும் அவள் காதில்தான் இருந்தது. மகளின் குரல் வரவில்லை. தண்ணீர்ச் சத்தமும் மாமியாரின் அழுகையும் கேட்டன. மரகதவல்லி வீட்டுக்குள் போய்த் தேங்காய் வெட்டும் அரிவாளை எடுத்து வந்தாள். மூன்றாவது வெட்டில் ரப்பர் கிழிந்தது.

மாலையில் ஓடைக்கரைத் தெருவில் ஆறு அடி நீர் நின்றது. தோப்புத் தெருவில் வடிந்துவிட்டது. பூங்கோதைக்கு அன்று இரவு அரசு மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. இரு தெருக்களிலும் கணிப்பு பிசகவில்லை என்று நீர்க்கணிப்பு நிலையம் பதிவு செய்தது.

தணிகாசலத்தின் அண்ணனை மறுநாள் மாடிப்படியின் அடியிலிருந்து எடுத்தார்கள். அவர் பெயர் வைத்தியலிங்கம். வயது எழுபத்தொன்று.