தார்ப்பாயின் முனைகள்

சட்னிக் கிண்ணம் பொற்கொடியின் பக்கம் இருந்தது. மருதையன் கேட்கவில்லை. எழுந்தான், மேசையைச் சுற்றிப் போனான், தானே ஊற்றிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"நல்லா நட. தொப்பை குறையும்," என்றாள் பொற்கொடி.

சொன்ன பிறகுதான் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே நடந்து முடித்திருந்ததால் எண் ஏறவில்லை. உதட்டைப் பிதுக்கினாள்.

அந்த வேளாண் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த எல்லோர் மணிக்கட்டிலும் தலைமைமானி இருந்தது. நீங்கள் சொல்லி இன்னொருவர் செய்தால் எண் ஏறும். இன்னொருவர் சொல்லி நீங்கள் செய்தால் இறங்கும். குரலையும் தசையின் அசைவையும் அது சேர்த்தே படித்தது. உழவு, நடவு, அறுவடை எல்லாம் இயந்திரங்களிடம் போய்விட்ட பிறகு, வேளாண் நிறுவனங்களுக்குத் தேவை முடிவெடுப்பவர்கள் மட்டுமே என்று ஆகிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த அத்தனை பேருக்கும் தலைமைப் பயிற்சி. எண் உச்சத்தில் இருப்பவருக்கு மேலாளர் பதவி. மற்றவர்களின் ஒப்பந்தம் அறுவடைப் பருவத்தோடு முடியும்.

மருதையன் தூங்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை. வீட்டில் அம்மா, "மோட்டாரைப் போடுடா," என்று சொல்ல வாயைத் திறக்கும் முன்பே எழுந்து ஓடினான். எங்கும் அவனால் நிலையாக உட்கார முடியவில்லை. யாராவது எதையாவது சொல்லிவிடுவார்கள்.

பெரம்பலூரைச் சுற்றியிருந்த ஊர்களின் விதை வெங்காயம் முழுவதும் அந்த நிலையத்தில்தான் இருந்தது. பட்டறை என்னும் காற்றோட்டமான சேமிப்புக் கூண்டில் அடைக்கும் முன் களத்தில் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். ஓரமாகக் கிடந்த குவியல் மருதையனின் அப்பாவுடையது. அடுத்த பட்டத்துக்கு அவரிடம் வேறு விதை இல்லை.

மதியம் மேற்கே இருண்டது. முதல் மின்னலிலேயே களத்தின் மேல் விரியவேண்டிய மூடுகூரையின் மோட்டார் புகைந்து நின்றது. கிடங்கிலிருந்து பழைய தார்ப்பாயை, அவர்களோடு வேலைக்குச் சேர்ந்த ஜெயசீலன் இழுத்துவந்து போட்டான். அதை நாலு பேர் முனைக்கு ஒருவராகப் பிடித்தால் போதும்.

"அந்தப் பக்கம் புடிங்க!" என்றான் ஜெயசீலன்.

"நீ புடி, நான் சொல்றேன்," என்றாள் பொற்கொடி.

"யோவ், எல்லாரும் இங்க வாங்க!"

"நீங்க அங்க போங்கய்யா மொதல்ல!"

எல்லோரும் தெளிவாக, உறுதியாக, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி கண்ணைப் பார்த்து ஆணையிட்டார்கள். யாரும் குனியவில்லை. மழை இறங்கியது. வெங்காயத் தோல் நனைந்து கருத்தது.

மருதையனின் கால் தரையில் நிற்கவில்லை. அப்பாவின் குவியலைச் சுற்றித் தண்ணீர் தேங்கத் தொடங்கியிருந்தது.

"மருதை, அந்த முனையத் தூக்கு!" என்று கத்தினாள் பொற்கொடி.

தூக்கினான். மணிக்கட்டில் சுருக்கென்று ஊசி குத்தியதுபோல் ஓர் அதிர்வு. எண் இறங்கியது. அவள் "இழு" என்றாள், இழுத்தான். "கல்லு வை", வைத்தான். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊசி. ஒரே ஆளாக ஓடி ஓடிப் பாதிக் களத்தை மூடினான். மீதிப் பாதி, அப்பாவின் குவியலில் ஒரு பங்கும் சேர்த்து, ஊறி அழுகியது.

அன்று அவன் எண்தான் கடைசி. பொற்கொடியின் எண்தான் முதல்.

"என்னைத் தப்பா நினைக்காத," என்றாள்.

"நீ சொல்லலேன்னா நான் செஞ்சிருக்க மாட்டேன்," என்றான். அது உண்மை.

ஆனால் பதவி அவளுக்குப் போகவில்லை. தலைமையகத்திலிருந்து வந்த இயக்குநர் களத்தின் படப்பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். விதையைக் காப்பாற்றியது சொன்னவர்கள் அல்ல, சொன்னதைக் கேட்டவன் ஒருவன்தான் என்று அவருக்குப் புரிந்தது. கூட்டத்தைக் கூட்டினார்.

"தப்பு நம்ம மேலதான். தலைவர்கள் போதும். நமக்கு வேண்டியது இணங்கிப் போறவங்க."

மறுநாளே எல்லா மானிகளின் மென்பொருளும் மாறியது. இனி அவை இணக்கமானிகள். சொன்னதைச் செய்தால் ஏறும். பிறரை ஏவினால் இறங்கும். மழை நாளின் கணக்கையும் திருப்பிப் போட்டார்கள். மருதையன் முதலிடத்துக்கு வந்தான். பருவம் முடியும்வரை அங்கேயே இருந்தால் மேலாளர் பதவி அவனுக்குத்தான்.

"சட்னி வேணுமா மருதை? எடுத்துத் தரச் சொல்லேன்," என்று கெஞ்சினாள் பொற்கொடி.

அவன் சொல்லவில்லை. சட்னி இல்லாமல் சாப்பிட்டான்.

அப்பா தொலைபேசியில் கேட்டார்: "மிச்ச விதை பத்திரமாடா?"

"நான் பாத்துக்கறேம்பா."

மிச்ச விதை களத்தில் காய்ந்துகொண்டிருந்தபோது மறுபடியும் மேற்கே இருண்டது. மூடுகூரைக்குப் புது மோட்டார் இன்னும் வரவில்லை. அதை வாங்கும்படி யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

இம்முறை எல்லோரும் ஓடிவந்தார்கள். பொற்கொடி ஒரு முனை, ஜெயசீலன் ஒரு முனை, மருதையன் ஒரு முனை. ஆளுக்கு ஆள் தார்ப்பாயின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, குனிந்து, தயாராக நின்றார்கள். கனத்த பாய். ஒரு பக்கமாக இழுத்தால் போன முறைபோலப் பாதிதான் மூடும்; ஒரே நேரத்தில் தூக்கினால்தான் முழுதும் எழும்பும்.

காற்று சுழன்றது. எல்லா முகங்களும் மருதையன் பக்கம் திரும்பின.

"தூக்கு" என்ற சொல் அவன் நாக்கின் நுனியில் இருந்தது.

அவன் பொற்கொடியைப் பார்த்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

முதல் துளி மானியின் முகப்பில் விழுந்து எண்ணை மறைத்தது. பிடியை விடாமல் மணிக்கட்டைச் சட்டையில் துடைத்துப் பார்த்தான்.

பாய் எழும்பவில்லை. எண்ணும் குறையவில்லை.