பெருமூச்சு மேட்டின் தொட்டுக்காட்டி

அல்லிக் கோளில் பொழுது விடிந்தால் முதலில் மேடு பெருமூச்சு விடும். மனிதர்கள் அதற்கப்புறம்தான்.

புதுப்பேரூர் என்ற குடியேற்ற நகரத்துக்கு மேற்கே, படுத்த எருமை மாதிரி கிடக்கிறது அந்த மேடு. அதன் முதுகு முழுக்க நீலச்சாம்பல் நிறத்தில் ஒரு பாசி. இரவெல்லாம் மூச்சை அடக்கி வைத்திருந்து, சின்னச் சூரியன் எட்டிப் பார்த்ததும் மொத்தப் பிராணவாயுவையும் ஒரே வீச்சில் வெளியே விடும். வந்த விருந்தாளிகள் எல்லாரும் ஊருக்குக் கிளம்பிய பிறகு ஒரு வீடு விடுகிற மூச்சு போல இருக்கும். அதைக் கேட்கவும் குடிக்கவும்தான் நகரத்து ஜனங்கள் காற்றுமுகமூடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடைப்பயிற்சிக்கு வருவார்கள். பிரபஞ்சத்தின் எந்த மூலைக்குக் கொண்டுபோய் விட்டாலும் மனிதன் காலையில் நடப்பான். நடந்து முடித்ததும் நடந்ததைவிட அதிகமாகச் சாப்பிடுவான்.

அந்த நேரத்தில் மரகதவல்லி மேட்டில் பாதி வேலையை முடித்திருப்பாள். அயல்செடி அகற்றும் துறையில் அவள் ஒரு தொட்டுக்காட்டி. அதற்குக் கீழே துறையில் வேறு பதவி கிடையாது, தரைதான் இருக்கிறது. வேலை என்னவென்றால், செடியைத் தொட்டு "இது" என்பாள். பின்னாலேயே வரும் மூன்று கை எந்திரம் அதைப் பிடுங்கும். எந்திரத்தின் பெயரும் பிடுங்கிதான்.

எந்திரம் தானாகப் பிடுங்காதா என்றால், ஒரு காலத்தில் பிடுங்கிக்கொண்டுதான் இருந்தது. 'பூமியிலிருந்து வந்த செடிகளை எல்லாம் அகற்று' என்று முதன்முதலில் உத்தரவு போட்ட அன்று, பிடுங்கிகள் ஊர்வலமாகப் போய் வீட்டுக்கு வீடு கறிவேப்பிலை, முருங்கை, மிளகாய் என்று ஒன்று விடாமல் வேரோடு பிடுங்கி வாசலில் அழகாக அடுக்கி வைத்துவிட்டன. பிறகு நடந்ததைக் கலவரம் என்று சொன்னால் போதாது. ரசம் தாளிக்க நின்றவர்கள் கரண்டியோடு தெருவுக்கு வந்தார்கள். ஒரு பிடுங்கியின் தலையில் இன்னமும் ஆப்பக்கல் பதிந்த தடம் இருக்கிறது. அன்றிலிருந்து சட்டம்: மனிதக் கை பட்ட செடியைத்தான் எந்திரக் கை தொடலாம்.

மரகதவல்லி தொட வேண்டியது ஒரே ஒரு செடியைத்தான். பந்தல்கொடி.

மூன்று தலைமுறைக்கு முன்னால் இங்கே ஒரு பெரிய மனிதர், மகள் கல்யாணப் பந்தலில் ஒரே ராத்திரியில் கொடி படர வேண்டும் என்று ஆசைப்பட்டார். பூமியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சொல்லி, அதற்கென்றே ஒரு கொடியைச் செய்து வரவழைத்தார். மனிதருக்கு இயற்கைமேல் வேறு பற்று. தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாக ஆளுக்கொரு கன்று போட்டுக் கொடுத்துவிட்டார். வந்தவர்கள் கொண்டுபோய் நட்டார்கள். மணமக்கள் சீக்கிரமே மனம் கசந்து ஆளுக்கொரு கோளுக்குப் போய்விட்டார்கள். கொடி மட்டும் யாரையும் விட்டுப் பிரியவில்லை. நடைப்பாதைப் பெஞ்சில் கண்ணயர்ந்த ஒருவரை அது இரண்டு சுற்றுச் சுற்றி மூடிவிட்டதாகவும், தேடி வந்த மனைவி குறட்டை விடும் புதரைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டுபிடித்ததாகவும் ஊரில் பேச்சு.

கொடி மூடிய இடத்தில் பாசிக்கு வெளிச்சம் கிடைக்காது. வெளிச்சம் கிடைக்காத பாசி இரண்டு வாரத்தில் கறுத்துச் செத்துப்போகும். மேட்டில் பாதி ஏற்கெனவே ஊமையாகிவிட்டது. மீதியை மழைக்காலம் வரை உயிரோடு வைத்திருந்தால் மரகதவல்லிக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் அவள் பிறந்து வளர்ந்த, விண்வெளியில் சுற்றும் சுழல்நிலையத்துக்கே திரும்ப வேண்டும். அங்கே ஒரு படுக்கையை மூன்று பேர் முறைவைத்துப் பயன்படுத்துவார்கள். தலையணை ஆறுவதற்கே நேரம் இருக்காது. பிறந்ததிலிருந்து குழாய்க்காற்றையே சுவாசித்தவள், வேலைக்குச் சேர்ந்த முதல் காலையில் எதிரே ஒரு மேடே மூச்சு விடுவதைக் கேட்டுக் கண் கலங்கி நின்றுவிட்டாள்.

"கண்ணில் நீர் ஏன்?" என்று பிடுங்கி கேட்டது.

"தூசி."

"இந்தப் பகுதியில் தூசி இல்லை" என்றது பிடுங்கி. அதற்கு மேல் அது கேட்காததை அவள் மரியாதை என்று எடுத்துக்கொண்டாள்.

கொடிகூடப் பெரிய எதிரி இல்லை. அவள் காலையில் பிடுங்கியதை மாலையில் திரும்ப நட்டுவைக்க ஓர் ஆள் இருந்தார். குழந்தைவேலு. நீரேற்று நிலையத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், நடப்போர் சங்கத் தலைவர்.

"ஏனம்மிணி, பச்சப்பசேல்னு நிக்கறதப் போட்டுப் புடுங்கறயே, உனக்குக் கையி வருதா?"

"அது பாசியைக் கொல்லுதுங்கய்யா."

"பாசி என்னத்துக்குங்கறேன். வழுக்கி உழுகறதுக்கா?"

"நீங்க இப்ப சுவாசிக்கிறது அதோட காத்துதான்."

"காத்து எங்கயும்தான் இருக்குது" என்றார் அவர், கையில் முகமூடியை ஆட்டிக்கொண்டே.

நடைப்பாதை முடிகிற இடத்தில் சாற்றுக்கடை வைத்திருக்கும் ராமாத்தாள் இதைக் கேட்டுச் சிரித்தாள். அறுகம்புல், வெள்ளைப்பூசணி, வாழைத்தண்டு என்று எதைக் கொடுத்தாலும் அரைத்து வடிகட்டித் தம்ளரில் ஊற்றிவிடுவாள். "அவரு வூட்டுல குடிச்ச தம்ளரக்கூட நவுத்தி வெச்சதில்ல கண்ணு. இங்க வந்து கொடி நடறாரு. நீ கண்டுக்காத."

கண்டுகொள்ளாமல் இருக்க நேரம் இல்லை. மழை நெருங்கிவிட்டது. ஒருநாள், பிடுங்கிய கொடிகளைத் தோளில் போட்டுக்கொண்டு, முதுகு ஒடிய மேட்டை விட்டு இறங்கி வந்தாள் மரகதவல்லி. எதிரே குழந்தைவேலு.

"இத்தனையும் கொண்டுபோயி என்னதான் பண்றே?"

அவள் வாயிலிருந்து அது ஏன் வந்தது என்று அவளுக்கே தெரியாது. அலுப்பாக இருக்கலாம். "இதுங்களா? சர்க்கரைக்கு நல்லதுங்கய்யா."

இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவை. சர்க்கரை நோய் ஒழிந்து ஒரு நூற்றாண்டு ஆகியிருந்தது. பிறந்த குழந்தையின் வயிற்றுக்குள் அரிசி மணி அளவில் ஒரு சீராக்கியை வைத்துவிடுவார்கள். சாகும்வரை அது பார்த்துக்கொள்ளும். நோயை ஒழித்த விஞ்ஞானிகள் மிகப் பெரிய அறிவாளிகள்தான். ஆனால் சர்க்கரை வந்துவிடுமோ என்ற பயத்தை எடுக்கும் சீராக்கியை அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"தகவல் பிழை" என்றது பிடுங்கி. "இக்கொடியில் விஷம் இல்லை. பயனும் இல்லை. கசப்பு மட்டும்..."

"நீ அந்தப் பக்கம் போய் நில்லு" என்றாள் மரகதவல்லி.

குழந்தைவேலு ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டார். முகம் கோணியது. கண் இரண்டும் உள்ளே போய் வெளியே வந்தன.

"நெம்பக் கசக்குது" என்றார், கோவிலில் நிற்பவர் குரலில். அதற்கு மேல் அவருக்கு நிரூபணம் தேவைப்படவில்லை.

மறுநாள் காலையில் மேடு பெருமூச்சு விட்ட சத்தம் யாருக்கும் கேட்கவில்லை, அவ்வளவு கூட்டம். சாக்கோடு வந்தார்கள், ஏணியோடு வந்தார்கள், குழந்தையை இறக்கிவிட்டு அதன் வண்டியோடு வந்தார்கள். நகரத்தின் மறுகோடியில் ஒரு முகூர்த்தம் தாலி கட்டும் நேரத்தில் நின்றுவிட்டது. பந்தலில் இருந்த கொடியை மாப்பிள்ளை வீட்டார் உருவிக்கொண்டிருந்தார்கள். ராமாத்தாள் கடையில் அரைக்கும் எந்திரம் சூடேறி, ஓய்வு கேட்டு அழுதது. ஒரு வாரத்தில் மேட்டில் கொடியின் வேர்கூட மிச்சமில்லை. பிடுங்கி மூன்று கைகளையும் கட்டிக்கொண்டு நின்றது. கறுத்துப்போன இடங்களின் ஓரத்தில் நீலம் மெல்லத் திரும்பி வந்தது.

மரகதவல்லி அன்று வாழ்க்கையில் முதல்முறையாக ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்கினாள். பாவம், அவசரப்பட்டுவிட்டாள்.

மேட்டில் கொடி தீர்ந்ததும் ஊரில் தட்டுப்பாடு வந்தது. தட்டுப்பாடு வந்ததும் கொடிக்கு மரியாதை கூடியது. சர்க்கரைக்கு மட்டுமா நல்லது? மூட்டுக்கு, முதுகுக்கு, ஞாபகசக்திக்கு, பிள்ளைகளின் கணக்குப் பாடத்துக்கு. நம் முன்னோர்கள் ஐயாயிரம் வருடமாக அருந்தி வந்த மூலிகை இது என்று ஒருவர் மூன்று மணி நேரம் சொற்பொழிவாற்றினார். கல்யாணத்துக்காகக் கொடியைச் செய்யச் சொன்னவரின் பேரனே முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார். நம் பாரம்பரிய மூலிகையைப் பிடுங்கி அழித்தது எந்தத் துறை என்ற கேள்வி அங்கேதான் எழுந்தது.

துறை நடுங்கிவிட்டது. கண்காணிப்பாளர் உலகளந்தான் மரகதவல்லியின் அறையில் ஒளியுருவாக வந்து நின்றார். தலையில் ஒவ்வொன்றாக நட்டு வளர்த்த முடி. பேசும்போதெல்லாம் அதைத் தடவி, எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்.

"பந்தல்கொடி நல்லா வர்ற இடம் அந்த மேடுதானாம்மா. நாளையிலேருந்து அது மூலிகைச் சரணாலயம். கொடிக்கு இடைஞ்சலா ஒரு களை இருக்கு பாருங்க, நீலமா, அதை நீங்க தொட்டுக் காட்டிடுங்க."

"சார், அந்தப் பாசியைக் காப்பாத்தத்தானே என்னை வேலைக்கு எடுத்தீங்க."

"அது போன மாசம்மா."

"அது இந்தக் கோளோட சொந்தச் செடி சார்."

"சொந்தமா இருந்து என்ன பண்றது? ஒரு தம்ளர் சாறு வருமா அதுல?" முடியைத் தடவினார். "நாளைக்கழிச்சு காலையில தொட்டுடுங்க, உங்க வேலை நிரந்தரம். முடியாதுன்னா சொல்லுங்க, சாயங்கால விண்கலத்துல உங்களுக்கு ஒரு சீட் போட்டுடலாம்." ஒளி அணைந்தது.

மரகதவல்லி முதலில் செய்தது, நல்ல மனம் உள்ளவர்கள் எல்லாரும் செய்கிற தவறு. மறுநாள் காலையில் போய் உண்மையைச் சொன்னாள்.

"அய்யா, அன்னிக்கு நான் சும்மா சொன்னேங்க. அந்தக் கொடி சர்க்கரைக்கு ஒண்ணும் நல்லது இல்ல."

குழந்தைவேலு பச்சைச் சாற்றை ஒரு மடக்கு குடித்து, உடம்பெல்லாம் குலுங்க நடுங்கி, தம்ளரை வைத்தார். "அப்படித்தான் சொல்லச் சொல்லுவாங்க. நல்ல மருந்துன்னா மறைக்கத்தான பாப்பாங்க."

"உங்களுக்குச் சர்க்கரையே இல்லீங்களே."

"குடிக்கறதுனாலதான் அம்மிணி இல்ல."

ராமாத்தாள் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு திரும்பி நின்றாள். மரகதவல்லி மேட்டைப் பார்த்தாள். பெருமூச்சு அப்போதுதான் அடங்கியிருந்தது. பாசியின் மேல் ஈரம் மின்னியது. பேசிய களைப்பில் குழந்தைவேலு துண்டை விரித்து அதன் ஓரத்தில் உட்காரப் போனார்.

"அய்யோ, அதுல உக்காராதீங்கய்யா" என்றாள் மரகதவல்லி, குரலைத் தாழ்த்தி.

"ஏனாமா?"

"பெரியவங்க எல்லாம் சொல்லியிருக்காங்களே. அந்தப் பாசி பட்டா முடி கொட்டுமாம்."

குழந்தைவேலு உட்காரப் போன நிலையிலேயே, அந்தரத்தில் நாற்காலி போட்டதுபோல நின்றார். மெல்ல நிமிர்ந்து பிடுங்கியின் பக்கம் திரும்பினார். "நெசமாலுமா?"

பிடுங்கி ஏதோ சொல்ல ஒளிர்ந்தது. மரகதவல்லி அதைப் பார்த்தாள். அது அவளைப் பார்த்தது.

"தகவல்..." என்று தொடங்கி, கொஞ்சம் யோசித்து, "தகவல் ஏதும் இல்லை" என்று முடித்தது. எந்திரம் வாழ்க்கையைக் கற்றுக்கொண்ட நாள் அது.

"தொட்டாலே கொட்டுது" என்று ராமாத்தாள் தன் பங்குக்கு எடுத்துக் கொடுத்தாள். "புடுங்குனா இன்னும் மோசமுங்க. தூளு காத்துல பறந்து ஊரே மொட்டையாயிரும்."

மதியத்துக்குள் நகரத்தில் தலைப்பாகை கட்டாத தலை இல்லை. நடைப்பாதை நகரத்தின் கிழக்குக்கு மாறியது. அந்த மேட்டில் முளைத்த கொடி எங்களுக்கு வேண்டாம், சரணாலயத்தை வேறெங்காவது வையுங்கள் என்று நடப்போர் சங்கம் தீர்மானம் போட்டது. சாயங்காலம் உலகளந்தானின் ஒளியுரு வந்தது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒளியுருவுக்கு எதுவும் ஒட்டாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"நீங்க அதைத் தொட்டுடலையே?"

"இன்னும் இல்ல சார்."

"தொடாதீங்க. யாரையும் தொட விடாதீங்க. சுத்தி வேலி போடுங்க, நீங்களே காவலுக்கு இருங்க. வேலை நிரந்தரம். என்னை மட்டும் நேர்ல வந்து பார்க்காதீங்க."

அடுத்த விடியலில் மேடு விட்ட பெருமூச்சு அவள் அதுவரை கேட்டதிலேயே நீளமானது. அருகில் ஒரு நடையாளர் இல்லை, ஒரு துண்டுக் கொடி இல்லை. மழை வரட்டும் என்று நினைத்து வேலியோரமாக நடந்தாள். வேலி வாசலில் யாரோ செருமினார்கள்.

குழந்தைவேலு. காதும் மூக்கும் மறைய உருமால் கட்டியிருந்தார். கையில் இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பா. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு டப்பாவை நீட்டினார்.

"ஒரு கைப்புடி கெடைக்குமா அம்மிணி?"

"பாசியா? உங்களுக்கா?"

"சேச்சே, எனக்கெதுக்கு. என்ற சம்பந்திக்கு. இந்த வயசுலயும் சுருட்ட முடிய வெச்சுக்கிட்டுச் சீவிச் சீவிக் காட்டறாரு."

மரகதவல்லி அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் வரிசை பாதையின் வளைவு வரை நீண்டிருந்தது. எல்லார் தலையிலும் உருமால், எல்லார் கையிலும் டப்பா. வரிசையில் இரண்டாவதாக நின்றவரின் உருமாலை மீறி, நெற்றியில் ஒரு சுருட்டை முடி தொங்கிக்கொண்டிருந்தது.