எண்ணெய்க் கை

குளியலறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் எண்ணெய்க் கை ஒன்று பதிந்திருந்தது. வெள்ளிக்கிழமை, மகள் அபர்ணா உள்ளே எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாள், வழுக்கிவிடாமல் சுவரைப் பிடித்திருப்பாள் என்றுதான் ஸ்ரீமதி நினைத்தாள். துடைக்கக் குனிந்தபோது அடித்தது வீட்டு நல்லெண்ணெயின் வாசமில்லை, குற்றாலத்து அருவிக்கரையில் தேய்த்துவிடும் மூலிகை எண்ணெயின் வாசம். விரல்களும் மிக நீளம். முருங்கைக்காய் விரல் என்று அவள் கேலி செய்த கணவன் விஜயசங்கரின் விரல்கள்.

போன வருஷத்துச் சாரலில், உடம்பில் தேய்த்த எண்ணெய் போவதற்குள் அவரை அருவியிலிருந்து பிணமாகத் தூக்கிவந்து கிடத்தினார்கள். நெஞ்சுக்குள் பெரிய ரத்தக்குழாய் கிழிந்துவிட்டதாம். உடம்பின் இணைப்புத் திசுவையே இற்றுப்போக வைக்கும் பரம்பரைக் கோளாறு, நீள விரல் அதற்கொரு அடையாளம், மகளுக்கும் மரபணுச் சோதனை செய்யுங்கள் என்றார் டாக்டர்.

அது அபர்ணாவுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டார் காதுக்கும் போய்விட்டது. சோதனை முடிவு வந்த பிறகு கல்யாணத் தேதி குறிக்கலாம் என்றார்கள். தென்காசி லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை ஸ்ரீமதிக்கு. மகளிடம் எடுத்ததைக் கொட்டிவிட்டு, தன் ரத்தத்தை எடுத்து, டியூபில் அபர்ணாவின் பெயரை ஒட்டி அனுப்பினாள். கோளாறு அவர் வழியில் வந்தது, தன் ரத்தத்தில் என்ன இருந்துவிடப் போகிறது? கல்யாணம் முடியட்டும், பிறகு கமுக்கமாக மகளுக்குச் சோதனை செய்துகொள்ளலாம்.

போன் அடித்தது. லேப்பிலிருந்து சுகந்தி.

"எக்கா, ரிப்போர்ட்டு வந்துட்டு. அபர்ணாவுக்கு அந்தக் கோளாறு இருக்குன்னு போட்டிருக்காவ."

"நல்லாப் பாத்தியாட்டி?"

"ரெண்டு தடவ பாத்துட்டேன்க்கா."

அவள் போனை வைத்தாள். அது அபர்ணாவின் ரத்தமில்லை.

அவர் வழி என்றால் யார் வழி? அவள் கட்டியது சொந்த அத்தை மகனை. வரப்பில் சாய்ந்து செத்த அப்பாவை வெயில் கொன்றது என்றுதானே இத்தனை வருஷமும் பேசினார்கள்.

வெளியே சாரல் இருட்டிக்கொண்டு வந்தது. ஸ்ரீமதி சுவரில் அந்த எண்ணெய்க் கையின் மேல் தன் உள்ளங்கையை வைத்தாள். அச்சாகப் பொருந்தியது. தன் விரலும் நீளம் என்று அவள் கண்டதேயில்லை. பக்கத்தில் எப்போதும் அவர் கை இருந்தது.

சுவர் சூடாக இருந்தது. துடித்தது.

அவள் மறு கையையும் ஊன்றினாள். எடுக்க முயன்றாள். வரவில்லை.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. தாழ் போட்ட கதவுக்குப் பின்னாலிருந்து அபர்ணாவின் குரல், சிணுங்கலாக.

"எம்மா, தேச்சது போதும். கைய எடு. நெஞ்சு அமுங்குது."

ஸ்ரீமதி தன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் சுவரில் இருந்தன. மணிக்கட்டு வரைக்கும்தான் தெரிந்தன.