இரண்டுக்கு மேல் போடாதையுங்கோ!

"ஐயோ...! ஏரம்பு ஐயா செத்துப் போனார்...!"

யோகம்மாவின் அலறலில் நயினாதீவின் அந்த ஒழுங்கையே அதிர்ந்தது.

பக்கத்து வீட்டுக் கிணற்றடியில் பல் துலக்கிக் கொண்டிருந்த சயந்தினி பிரஷை அப்படியே போட்டுவிட்டு வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து ஓடினாள்.

அறை வாசலில் யோகம்மா தலையில் அடித்துக் கொண்டு நின்றாள். ஏரம்பருக்குச் சமைத்துக் கொடுக்கக் காலையும் பின்னேரமும் வருகிறவள் அவள்தான்.

"பிள்ளை... வந்து பாரும்! கூப்பிடக் கூப்பிட எழும்புறாரில்லை!"

கட்டிலில் ஏரம்பர் மல்லாந்து கிடந்தார். எழுபது வயது உடம்பு. வாய் திறந்திருந்தது. சேட்டு தொப்பலாக நனைந்திருந்தது.

சயந்தினி அவருடைய கழுத்தைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. ஆனால்...

"உயிர் கிடக்கு! யோகம்மாக்கா, அம்புலன்ஸுக்குச் சொல்லுங்கோ! கெதியா!"

யோகம்மா ஓடினாள்.

சயந்தினி நிமிர்ந்தபோதுதான் அதைப் பார்த்தாள். தலையணைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளைப் போத்தல். பெயரில்லை... லேபல் இல்லை...

அது அவள் கொடுத்த போத்தல்!



சயந்தினி யாழ்ப்பாணத்தில் பாமசி படிக்கிறாள். மூன்றாம் வருஷம். அதாவது மருந்தைப் பற்றிப் பாதி தெரியும், மீதி தெரியாது என்பதும் தெரியாது என்கிற பொல்லாத வருஷம்! போன கிழமை லீவில் வந்தவளை ஏரம்பர் வேலியோரமாகவே மறித்துவிட்டார்.

"பிள்ளை, நீர் மருந்துதானே படிக்கிறீர்? எனக்கு நித்திரை எண்டதே இல்லை. நல்ல குளிசையாத் தாரும்."

"ஐயா, டொக்டர் எழுதித் தராமல் குடுக்கக் கூடாது."

"டொக்டர் என்னைத் தண்ணி குடிச்சிட்டுப் படுக்கச் சொல்லுறான்! நீரும் அப்பிடிச் சொன்னா நான் ஆரிட்டப் போறது?"

நச்சரிப்புத் தாங்கவில்லை. பையில் ஒரு போத்தல் இருந்தது. செய்முறை வகுப்பில் அவளே மிஷினில் அடித்த குளிசைகள். மருந்து ஒன்றும் இல்லை. மாவும் பால்சீனியும் மட்டும்தான். குளிசை அடிக்கப் பழகுவதற்கு அது போதும். நோயாளியின் நம்பிக்கையே பாதி மருந்து என்று வகுப்பில் படித்தது வேறு புத்தியில் பச்சையாக இருந்தது.

போத்தலை நீட்டினாள். நம்பிக்கைக்கு உரம் போட ஒரு பொய்யையும் சேர்த்து நீட்டினாள்.

"இது கடும் பவர் ஐயா. இரண்டுக்கு மேல் போடாதையுங்கோ. பத்துப் போட்டா ஆள் எழும்பவே எழும்பாது!"

அன்றிரவு ஏரம்பர் விட்ட குறட்டை வேலி தாண்டிக் கேட்டது. சயந்தினிக்குத் தலைகால் புரியாத பெருமை.

இப்போது...?

வெறும் மாவு ஆளைச் சாய்க்குமா? சாய்க்காது. ஆனால் செய்முறை வகுப்பன்று அடுத்த மேசையில் கூடப் படிக்கிற கம்சிகாவின் ஆட்கள் உண்மையான மருந்தில் குளிசை அடித்தார்கள். நெஞ்சுத் துடிப்பைக் குறைக்கிற மருந்து! அதுவும் வெள்ளை. அதே மிஷின், அதே மாதிரிப் போத்தல். யாரும் பார்ப்பதற்குள் எடுத்துப் பைக்குள் வைத்த அவசரத்தில்... எந்தப் போத்தலை எடுத்தாள்?

நினைத்து நினைத்துப் பார்த்தாள். கை எடுத்தது ஞாபகம் வந்தது. எந்த மேசையிலிருந்து என்பது மட்டும் வரவில்லை!

"தள்ளுங்கோ! எல்லாரும் தள்ளி நில்லுங்கோ!"

அலறல் கேட்டுக் கூடிய சனத்தை விலக்கிக் கொண்டு பொலிஸ் சார்ஜன்ட் அம்புறோஸ் உள்ளே வந்தார். பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய வாய். செத்த வீட்டிலும் பகிடி விடாமல் திரும்ப மாட்டார் என்று தீவில் பெயர்.

அவருடைய போனில் ஆஸ்பத்திரி டொக்டர் இருந்தார். ஸ்பீக்கரைப் போட்டார்.

"அம்புலன்ஸ் வெளிக்கிட்டிட்டுது சார்ஜன்ட். ஆள் என்ன குடிச்சவர் எண்டு பாருங்கோ. அது தெரியாமல் நான் எந்த மருந்தைக் குடுக்கிறது?"

"போத்தல் ஒண்டு கிடக்கு டொக்டர். பேர் ஊர் ஒண்டும் இல்லை."

"அப்ப ஆர் குடுத்தது எண்டு பிடியுங்கோ! நேரம் போகுது!"

"நான் சொல்லுறன் சேர்!" யோகம்மா முன்னால் பாய்ந்தாள். "உந்தா நிக்கிறார்... சுவிஸ்காரர்! உவர்தான்!"

அவள் விரல் காட்டிய இடத்தில் சுதன் நின்றான். ஏரம்பரின் தங்கை மகன். அவன் கையில் தேத்தண்ணிக் கோப்பை அந்தரத்தில் நின்றது.

"நானோ...? யோகம்மாக்கா, என்ன கதைக்கிறீங்கள்?"

"பேந்து என்ன! வந்த நாள் தொட்டு வீட்டைத் தா, காணியைத் தா எண்டு மாமனோட சண்டை! ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியைத் துரத்தினதாம்!"

"அக்கா, இது என்ர அம்மான்ர சீதன வீடு! வெளிநாடு போகேக்க பாத்துக்கொள்ளுங்கோ எண்டு மாமாட்டக் குடுத்திட்டுப் போனனாங்கள். திருப்பிக் கேட்டது குற்றமோ?"

"நேற்றும் கத்தினவர் சேர்! அவ்வளவு கத்தியும் ஐயா கோவிக்கேல்லை. தன்ர கையால உவருக்குக் கூழ் வார்த்துக் குடுத்தவர். அப்பிடிப்பட்ட தெய்வத்தை..."

யோகம்மா மூக்கைச் சிந்தினாள்.

அம்புறோஸ் சுதனின் தோளில் கை வைத்தார்.

"தம்பி, என்னத்தைக் குடுத்தனீர்? சொல்லும்."

"சத்தியமா நான் ஒண்டும் குடுக்கேல்லை சேர்!"

"எல்லாரும் முதல்ல இப்பிடித்தான் சொல்லுறவை. ஸ்டேஷன்ல கதிரை போட்டுத் தாறன், ஆறுதலா இருந்து யோசியும்."

சயந்தினி போத்தலைப் பார்த்தாள்.

பேசாமல் இருந்தால் தப்பலாம்! போத்தலில் அவள் பெயர் இல்லை. அவள் கொடுத்ததை யாரும் பார்க்கவில்லை. வாயைத் திறந்தால் படிப்புப் போகும். அம்மா சங்கிலியை அடகு வைத்துச் சேர்த்த படிப்பு! ஊர் காறித் துப்பும். கம்பசில் திருடிய குளிசை என்று வழக்கும் வரும்...

பேசாமல் இருந்தால்...?

சுதன் உள்ளே போவான். டொக்டர் இருட்டில் கை விடுவார். ஏரம்பர் செத்துப் போவார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுடையது பறையே அடித்தது.

"சேர்... அவரை விடுங்கோ."

"என்ன பிள்ளை?"

"அந்தப் போத்தல்... நான்தான் குடுத்தனான்!"

அறை முழுக்க அவள் பக்கம் திரும்பியது. யோகம்மாவின் வாய் பிளந்தது.

"நீரோ...?!"

"நித்திரைக்கு எண்டு கேட்டவர். நான் பழகிறதுக்கு அடிச்ச குளிசை. வெறும் மாவு எண்டு நினைச்சுத்தான் குடுத்தனான் சேர். ஆனா போத்தல் மாறிப்போச்சோ எண்டு பயமாக் கிடக்கு... நான்தான் ஐயாவைச் சாக்காட்டீட்டன்!"

விம்மி வெடித்தாள். அழுதபடியே கையை நீட்டினாள்.

"ஒருக்கா அந்தக் குளிசையைக் காட்டுங்கோ. பாத்தாத்தான் டொக்டருக்குச் சரியாச் சொல்லலாம்."

அம்புறோஸ் மூடியைத் திறந்து அவள் உள்ளங்கையில் இரண்டைக் கொட்டினார்.

சயந்தினி கண்ணைத் துடைத்துக் கொண்டு பார்த்தாள்.

மறுபடி பார்த்தாள்!

"சேர்... இது என்ர இல்லை!"

"இப்பதானே உம்மட எண்டனீர்?"

"போத்தல் என்ர. குளிசை என்ர இல்லை! இஞ்ச பாருங்கோ, நடுவில கோடு. எங்கட மிஷின்ல அடிச்சா கோடு விழாது. கம்சிகா அடிச்சதிலயும் விழாது!"

நகத்தால் அழுத்திக் கீறினாள். குளிசை அசையவில்லை.

"நான் அடிச்சது எண்டா தொட்டவுடன மேல்பக்கம் மூடி மாதிரிக் கழண்டு விழும். அதுக்குத்தான் எங்கட லெக்சரர் எனக்கு மார்க்ஸ் குறைச்சவர். இது கொம்பனிக் குளிசை!"

"அப்ப இது எங்கால வந்தது?"

"யோகம்மாக்கா! இந்த வீட்டில ஆர் குளிசை போடுறவை?"

"ஐயா வேற ஒண்டும் போடுறேல்லை. போன வருஷம் செத்த ஐயான்ர மனிசி சறோஜினி அக்காதான் போடுறவ. சீனி வருத்தத்துக்கு. இன்னும் அலுமாரிக்க கிடக்கு."

"எடுத்து வாங்கோ! ஓடுங்கோ!"

யோகம்மா கொண்டு வந்த கிளினிக் பையைக் கட்டிலில் கவிழ்த்தார்கள். அதே வெள்ளை. அதே கோடு!

சில்லென்ற உடம்பு... தொப்பலான வேர்வை... வேகமாக ஓடுகிற நாடி... போன சோதனையில் அவள் பக்கம் பக்கமாக எழுதிய விடை கட்டிலில் கிடந்தது. இவ்வளவு நேரமும் பயம் கண்ணை மறைத்திருந்தது.

"டொக்டர்! சீனி வருத்தக் குளிசை! ஐயாவுக்குச் சீனி அடியோட இறங்கீட்டுது!"

போனில் டொக்டரின் குரல் உயர்ந்தது.

"சரிதான்! வந்தவுடன குளுக்கோஸ் ஏத்துறன். அதுவரைக்கும்..."

"இந்தாங்கோ, சீனித் தண்ணி!" யோகம்மா கோப்பையோடு பாய்ந்தாள்.

"வேண்டாம்! மயக்கத்தில ஊத்தினா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்! தேன் கொண்டு வாங்கோ!"

ஏரம்பரைப் பக்கவாட்டில் புரட்டினாள். விரலில் தேனைத் தொட்டுக் கன்னக் கொடுப்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினாள். எத்தனை தெய்வம் உண்டோ அத்தனையையும் கூப்பிட்டாள். 'அம்மாளாச்சி... இந்த மனிசனை எழுப்பித் தா. இனி ஆயுசுக்கும் பொய் சொல்ல மாட்டன்...'

ஒரு முனகல்.

இமை துடித்தது... விரல் அசைந்தது...

ஏரம்பர் கண்ணைத் திறந்தார்!

"ஐயா! என்னைத் தெரியுதோ? நான் சயந்தினி..."

ஏரம்பர் அவளைப் பார்க்கவில்லை. அவருடைய பார்வை அவள் தோளுக்கு மேலால் போய்ச் சுதன் மேல் குத்தி நின்றது. முகம் வெளிறியது.

"நீ... நீ இன்னும் சாகேல்லையோ...?!"



சீனி குறைந்த மூளைக்கு நாக்கில் பூட்டு இருக்காது. ஏரம்பர் தானாகவே கொட்டினார்.

"போத்தலில இருந்த நித்திரைக் குளிசை முழுக்கக் கூழுக்க கரைச்சனே... சட்டியை வழிச்சு வழிச்சுக் குடிச்சவனே..."

சுதன் வயிற்றைப் பிடித்துக் கொண்டான்.

"அதுதான் கூழ் அவ்வளவு மாவாக் கிடந்ததோ...?"

அம்புறோஸ் மெல்லக் கட்டிலருகே குனிந்தார்.

"அப்ப நீங்கள் ஏன் ஐயா சீனி வருத்தக் குளிசை போட்டனீங்கள்?"

"போத்தல் முடிஞ்சுது. பக்கத்து அறையில ஒருத்தன் சாகப்போறான் எண்டு கிடந்தா நித்திரை வருமோ? சறோ உந்த வெள்ளையைப் போட்டிட்டுத்தான் நல்லாப் படுக்கிறவள். அஞ்சாறு போட்டனான். மிச்சத்தைப் போத்தலுக்க கொட்டினனான்..."

சயந்தினி கட்டில் காலைப் பிடித்துக் கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள்.

அவள் கொடுத்தது மாவுதான். யாரும் சாகவில்லைதான். ஆனால் பத்துப் போட்டால் ஆள் எழும்பாது என்று வழி சொல்லிக் கொடுத்த வாய் அவளுடைய வாய். பெருமைக்குச் சொன்ன ஒரு பொய்யை ஒரு மனிதர் கொலைக்கு எடுத்துக் கொண்டு போயிருக்கிறார்! அவர் கேட்டதைக் கேட்டபடி கொடுத்திருந்தால் சுதன் இந்நேரம் பிணம். 

"சேர், கம்பசுக்கு நானே போய்ச் சொல்லுறன். என்ன தண்டனை தந்தாலும் சரி."

"சொல்லும். அதுக்கு முதல் ஸ்டேஷனுக்கும் ஒருக்கா வந்து இதை அப்பிடியே சொல்லும்."

ஒழுங்கையில் அம்புலன்ஸ் சத்தம் கேட்டது. அப்போதுதான் ஏரம்பரின் கண் சயந்தினி மேல் விழுந்தது. படுத்த படுக்கையிலேயே அவருக்கு ஆத்திரம் பொங்கியது.

"பத்துப் போட்டா எழும்பாது எண்டு நீர்தானே சொன்னனீர்! ஒரு போத்தலைக் கரைச்சுக் குடுத்தும் உவன் விடியவெள்ளண தேத்தண்ணியோட நிக்கிறான்! உந்தக் கம்பசில உமக்கு என்னத்தைத்தான் படிப்பிக்கிறாங்கள்?!"

அம்புறோஸ் விலங்கை எடுத்து அவருடைய கையில் மாட்டினார்.

"கோவிக்காதையுங்கோ ஐயா! பிள்ளை இப்பதானே மூண்டாம் வருஷம்... ஆளைக் கொல்லுறது நாலாம் வருஷத்திலதான் படிப்பிப்பினம்!"