அஞ்சுக்கு ரெண்டு

மழைக்கு விவஸ்தையே கிடையாது. தலைபோகிற வேலை இருக்கும் நாளாகப் பார்த்துத்தான் கொட்டும். அன்றைக்கும் கொட்டியது.

குடையை மடக்கிக்கொண்டு அவள் அறுவை சிகிச்சை வார்டுக்குள் ஓடி வந்தாள். நாலு எட்டு வைத்திருப்பாள்...

"அங்கேயே நில்லுங்க!"

நின்றாள். எதிரே நீலச் சீருடையில் ஒருவன், கையில் தரை துடைக்கும் குச்சியோடு. அவன் பார்வை அவள் முகத்தில் இல்லை. குடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரில் இருந்தது.

"என்னங்க, இப்படி மிரட்டுறீங்க?"

"மிரட்டலைங்க. ஆபரேஷன் முடிஞ்சவங்க பாத்ரூமுக்கு நடந்து போற வழி இது. நீங்க சொட்டவிட்டதுல ஒருத்தர் வழுக்கி விழுந்தா, அவர் இடுப்பை நீங்க வந்து ஒட்டவெப்பீங்களா?"

"மழை பெய்யுது. அதுக்கு நான் என்ன பண்ண?"

"மழையை வெளியவே விட்டுட்டு வாங்க."

சொல்லிவிட்டு நிமிர்ந்தான். அப்போதுதான் பார்த்தான். நனைந்த இமைகள்... கோபத்தில் இன்னும் பெரிதாகிவிட்ட கண்கள்... இமை நுனியில் விழலாமா வேண்டாமா என்று நின்ற ஒரு துளி. அடுத்து என்ன சொல்ல வந்தான் என்பது அவனுக்கு மறந்தே போனது. அவளுக்கும் அதே கதிதான். அவன் குடையை வாங்கி வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, தரையைத் துடைத்தான்.

சற்று நேரத்தில் கண்காணிப்பாளர் அறையில் அறிமுகம் நடந்தது. இரண்டு பேருக்கும் முகத்தில் ஈயாடவில்லை.

மருத்துவமனைகளுக்கு நட்சத்திரம் வழங்கும் குழுவிலிருந்து வந்த மதிப்பீட்டாளர் அவள். நோயாளிகளின் அனுபவம், சிகிச்சையின் தரம், பாதுகாப்பு என்று எல்லாவற்றையும் துருவிப் பார்த்து, அஞ்சுக்கு எத்தனை என்று போடுவதுதான் வேலை. அவன் அந்த வார்டுக்குப் பொறுப்பான நர்ஸ். ஆண் நர்ஸ் என்பதால் மருத்துவமனை முழுக்க அவனுக்கு 'பிரதர்' என்று பெயர்.

ஊரே கூப்பிடுகிறதே, நாமும் கூப்பிட்டால் என்ன என்று நினைத்தாள். வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசிக்கப் பயமாக இருந்தது.

கண்காணிப்பாளர் அவனை ஓரமாக இழுத்துப் போனார். "போன தடவையே ஒரு நட்சத்திரம் போச்சு. இந்தத் தடவையும் போச்சுன்னா உன் வார்டை இழுத்து மூடிடுவாங்கப்பா. அந்தப் பொண்ணுகிட்ட கொஞ்சம் பணிஞ்சு போ."

"வார்டு இருக்கிற மாதிரியே இருக்கட்டும் சார். பார்த்துட்டுப் போடட்டும்," என்றான் அவன். மூடவிடுகிற எண்ணம் அவனுக்கு இல்லை. கெஞ்சுகிற எண்ணமும் இல்லை.

பகல் முழுக்க அவன் போன இடமெல்லாம் அவளும் போனாள்.

"டீ சொல்லட்டுமா?"

"நாங்க மதிப்பெண் போடுற இடத்துல பச்சைத் தண்ணி கூடக் குடிக்கக் கூடாது."

"முறைக்கிறதுக்கு மட்டும் அனுமதி உண்டோ?"

அவள் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டாள்.

மதியம் ஒரு பெரியவர் வீட்டுக்குக் கிளம்பினார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவன் அவர் கட்டில் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தான்.

"இந்த வெள்ளை மாத்திரை எப்பப் போடணும் ஐயா?"

"அதான் சொன்னீங்களே தம்பி."

"நான் சொன்னேன். இப்ப நீங்க சொல்லுங்க."

"காலையில... அப்புறம் ராத்திரி..."

"ராத்திரி கிடையாது ஐயா. இது ரத்தம் உறையாம இருக்கக் குடுத்தது. ரெண்டு வேளை போட்டா, அடிபட்டா ரத்தம் நிக்கவே நிக்காது. சரி, மறுபடி முதல்ல இருந்து."

வெளியே வண்டி காத்திருந்தது. பெரியவரின் மகள் எட்டி எட்டிப் பார்த்தாள். அவன் அசைந்து கொடுக்கவில்லை. குரலில் எரிச்சலும் இல்லை. பெரியவர் தடுமாறாமல் சொல்லி முடித்த பிறகுதான் பையை எடுத்துக் கொடுத்தான்.

கதவோரம் நின்றவளுக்கு மனசு எங்கேயோ ஓடியது. இப்படி ஒருத்தன் பக்கத்தில் இருந்தால் காய்ச்சலில் படுக்கக்கூடப் பயமிருக்காதே... ஏய்! நீ மதிப்பெண் போட வந்தவள்! ஓடிய மனசைப் பிடித்து இழுத்து வந்து, வாசலில் பெரியவரை நிறுத்திக் கேட்டாள்.

"மாத்திரை விவரமெல்லாம் புரியற மாதிரி சொன்னாங்களா ஐயா?"

"எங்கேம்மா சொன்னாரு? பரீட்சையில்ல வெச்சாரு! காலமெல்லாம் பஸ் ஓட்டினவனுக்கு ஒரு மாத்திரை முழுங்கத் தெரியாதா?"

புகார் கிடைத்துவிட்டது. அவள் சட்டென்று ரெண்டு போட்டாள். அந்த ஒரு கேள்வி வார்டின் மொத்தக் கணக்கையும் கீழே இழுத்துவிட்டது.

சாயங்காலம் மதிப்பெண் தாளில் அவன் கையெழுத்துப் போட வேண்டிய நேரம்.

"அஞ்சுக்கு ரெண்டா?"

"நோயாளி குறை சொன்னார்."

"குறை சொன்னாரு. ஆனா சரியான மாத்திரையைச் சரியா போடத் தெரிஞ்சுக்கிட்டு வீட்டுக்குப் போனாரு. உங்க கேள்வி என்னங்க... புரிஞ்சுதான்னா, பிடிச்சுதான்னா?"

அவளுக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை.

"காலையில குடைக்காகச் சத்தம் போட்டதுக்குத்தானே இது?"

"ஆட்சேபணை இருந்தா எங்க குழுத் தலைவி மேடத்துக்கு எழுதுங்க." பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். அவன் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் திரும்பியிருக்க மாட்டாள். அவ்வளவு வீம்பு!

வீட்டில் அக்கா தட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"யாருடி அவன்?"

"எவன்?"

"வந்ததுல இருந்து ஒருத்தனைக் கரிச்சுக் கொட்டிக்கிட்டிருக்கியே, அவன்தான்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"சின்ன வயசுல மிட்டாய் பங்கு பிரிப்பியே, ஞாபகம் இருக்கா? உனக்குத் தம்பின்னா உசுரு. ஆனா அவனுக்குத்தான் கம்மியா குடுப்ப. ஓரவஞ்சனைன்னு யாரும் சொல்லிடக் கூடாதாம். அவன் மூக்கை உறிஞ்சிக்கிட்டு நிப்பான், பாவம்."

அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. புரிந்துவிட்டது... அவன் வேலை பிடிக்காமல் ரெண்டு போடவில்லை. பிடித்துப்போனது வெளியே தெரிந்துவிடுமோ என்றுதான் போட்டிருக்கிறாள்.

"தப்பாப் போட்டுட்டேன் அக்கா. நாளைக்கு மேடத்துகிட்ட சொல்லப் போறேன்."

"கிறுக்கு! வேலைக்கே உலை வெச்சுக்காத. மாமாவுக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாரு? பேசாம விடு, யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே அக்கா."

அக்கா குழம்புக் கரண்டியை எடுத்தாள். தங்கை முடிவெடுத்துவிட்டால் பேசிப் பிரயோஜனம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"என்ன காரணம்?"

"தனிப்பட்டது மேடம்."

"அது போதாது. மதிப்பெண்ணை மாத்தினா, அதைப் போட்டவங்களே காரணத்தை ரெண்டு தரப்பும் உட்கார்ந்திருக்கிற கூட்டத்துல வாய்விட்டுப் படிக்கணும். இல்லன்னா காசு வாங்கிட்டு மாத்தினோம்னு பேசுவாங்க. விதி தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். படிக்கிறேன்."

"இனிமே அந்த ஆஸ்பத்திரிக்கு வேலையா உன்னை அனுப்ப மாட்டேன்."

"அனுப்பாதீங்க மேடம்," என்றாள். மேடம் சிரிப்பை மறைக்கக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

குழுவில் எச்சில் கையால் காக்கா ஓட்டாத ஒரு மதிப்பீட்டாளர் உண்டு. அவரைத்தான் அந்த வார்டுக்கு அனுப்பினார்கள். மனிதர் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தார். வீட்டுக்குப் போனவர்களுக்கெல்லாம் போன் போட்டார். பஸ் ஓட்டியவர் மூச்சு விடாமல் ஒப்பித்தார். "வெள்ளை மாத்திரை காலையில ஒண்ணே ஒண்ணு. ராத்திரி தொட்டா அந்தத் தம்பி வீடு தேடி வந்து மறுபடி பரீட்சை வெப்பாரு!"

கூட்டத்தன்று அவன் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோபம் ஆறவில்லை. அவள் எழுந்தாள். குரலை நடுங்கவிடவில்லை.

"அறுவை சிகிச்சை வார்டுக்கு நான் போட்ட மதிப்பெண் ரத்து செய்யப்படுகிறது. காரணம்... மதிப்பீட்டாளருக்கு அந்த வார்டின் பொறுப்பாளர் மீது தனிப்பட்ட விருப்பம் ஏற்பட்டுவிட்டது. அதை மறைக்கப் போய், கொடுக்க வேண்டிய மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். தவறு மதிப்பீட்டாளருடையது."

கண்காணிப்பாளர் கூரையைப் பார்த்தார். அவன் கட்டியிருந்த கைகள் தானாக அவிழ்ந்தன.

மேடம் தொண்டையைச் செருமினார். "மறு மதிப்பீட்டில் அந்தக் கேள்விக்கு அஞ்சுக்கு நாலு. மருத்துவமனையின் நட்சத்திரம் குறையவில்லை. வார்டு தொடர்ந்து நடக்கலாம்." கைதட்டல் அடங்கும்வரை பொறுத்திருந்து கேட்டார்: "மருத்துவமனைத் தரப்பில் ஏதாவது சொல்லணுமா?"

அவன் எழுந்தான்.

"சொல்லணும் மேடம். உங்க விதி ரெண்டு தரப்புக்கும் பொதுதானே?"

"பொதுதான்."

"அப்ப எங்க தரப்பையும் பதிவு பண்ணிக்கோங்க. வார்டு பொறுப்பாளருக்கும் மதிப்பீட்டாளர் மீது..." அதற்கு மேல் அந்த மேடைத் தமிழ் ஓடவில்லை. இத்தனை பேர் நடுவில் அவளை மட்டும் பார்த்தான்.

"எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க. ரெண்டு போட்டீங்களே, அப்பவும் பிடிச்சுதான் இருந்துச்சு. வேற யாராவது போட்டிருந்தா ஆட்சேபணை எழுதிக் குடுத்துட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். நீங்க போட்டதுனாலதான் தாங்க முடியல."